சூட்டில் வலுக்கும் உலோகம்

கொல்லன் உலையிலிட்ட இரும்பு பழுத்துச் சிவந்ததும், சம்மட்டியின் அடிக்கு இணங்கி வளைவதை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். சூடேறச் சூடேற வன்மை குன்றுவதே உலோகங்களின் பொது இயல்பு. இதற்கு மாறாக, சூடேறும்போது வன்மை மிகும் பொருளொன்று உண்டு. மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஓர் அலுமினிய அணுவாகக் கூடியமைந்த நிக்கல் அலுமினைட்டு என்னும் சேர்வையே அது. தாரை விமானங்களின் சுழலித் தகடுகளுக்கான நிக்கல் கலப்புலோகங்களில், நுண்மணிகளாய் விரவிநின்று வலுவளிப்பதும் இதுவே.

சாதாரணக் கலப்புலோகத்தில் இருவகை அணுக்களும் பெரும்பாலும் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும். இச்சேர்வையிலோ ஒவ்வோர் அணுவுக்கும் உரிய இடமுண்டு. சிறு சதுரமுகிப் பெட்டியொன்றைக் கற்பனை செய்வோமாயின், அதன் எட்டு மூலைகளிலும் அலுமினியமும், ஆறு முகங்களின் நடுவே நிக்கலும் அமர்ந்திருக்கும். உலோகம் வளைவதென்பது அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதேயாகும். இங்கே வெப்பம் ஏறுங்கால், அவ்வழுக்கலை நடத்திச் செல்லும் பிசகுகள் வேறொரு தளத்திற்குத் தாவிப் பூட்டுண்டு நின்றுவிடுகின்றன. அதனாலேயே ஏறத்தாழ 700 பாகை செல்சியசு வரை இதன் வன்மை கூடிச் செல்கிறது.

இத்துணைச் சிறப்பிருந்தும், தனித்து நின்று தொழிலுக்கு உதவ நெடுங்காலம் இதனால் இயலவில்லை. ஒற்றைப் பளிங்காக வளர்த்தெடுத்தால் இழுபடும். ஆனால், வார்த்தெடுத்த கட்டியோ எண்ணற்ற பளிங்கு மணிகள் நெருங்கி அமைந்தது. சாதாரண வெப்பநிலையில் அம்மணிகளின் எல்லை வழியே அது முறிந்துவிடும்.

1979ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்களான அவோக்கி, இசுமி ஆகிய இருவரும் இதனுடன் சிறிதளவு போரன் சேர்த்தனர். முறிந்த பொருள் இழுபடலாயிற்று. நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு போரனே இதற்குப் போதும்; ஆனால் நூறு அணுக்களில் அலுமினியம் 25இலும் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். அவ்வாறமைந்த துண்டு, அறுபடுமுன் தன் நீளத்திற் பாதியளவு வரை நீளவும் கூடும். போரன் அணுக்கள் மணிகளின் எல்லைகளிற் சென்று குழுமி, அவற்றை வலுப்படுத்துகின்றன.

ஆயினும் குற்றம் முழுவதும் உலோகத்தினுடையதன்று என்பது 1990களில் தெளிவாயிற்று. ஈரமற்ற சூழலிலே போரன் சேராத துண்டும் இழுபட்டது. காற்றிலுள்ள நீராவி அலுமினியத்தோடு தாக்கமுற்று ஐதரசனை விடுவிக்க, அந்த ஐதரசனே எல்லைகளுட் புகுந்து பிளவை வளர்த்திருக்கிறது. அது பரவும் வழியைத் தடைசெய்வதும் போரனின் பணியே.

அடுத்து, கடுஞ்சூட்டில் ஒட்சிசன் எல்லைகளை நலிவிப்பது காணப்பட்டது. ஏறத்தாழ 8 வீதம் குரோமியம் சேர்த்து அதனைக் குறைத்தனர். சிர்க்கோனியத்தின் பருத்த அணுக்கள் அலுமினியத்தின் இடத்திற் புகுந்து, சுற்றியுள்ள அணுக்களை நெருக்கி, வழுக்கலைத் தடுத்து வன்மையை மேலும் கூட்டின. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் இவ்வாறு பண்படுத்திய கலப்புலோகங்களால், உருக்காலை உலைகளிற் சூடேறிய தகடுகளைத் தாங்கிச் செல்லும் உருளைகள் செய்யப்பட்டன.

கறிக்கு இடும் உப்பினும் குறைந்த அளவே போரன். அது சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தமையால், முறிந்து வீழ்ந்த ஒன்று உலைக்களத்திற் பாரம் சுமக்கலாயிற்று.