மனுக்களில் வாழும் முன்னோர்

அமெரிக்க விடுதலைப் பிரகடனம் வெளியாகி 2026-ஆம் ஆண்டுடன் 250 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அப்போரில் பங்கேற்ற தளபதிகளின் வரலாறு நூல்களில் விரிவாக இருக்கிறது. ஆனால், அப்பலாச்சிய மலைத்தொடரின் அடிவாரத்தில் காடு திருத்தி மக்காச்சோளம் பயிரிட்டு, அழைப்பு வந்தபோது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறப்பட்ட எல்லைப்புற விவசாயியின் வாழ்க்கையை அவருடைய சந்ததியினர் எங்கே தேடுவது?

தேடல் எளிதன்று. அவர்களில் பலர் கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டவர்கள். ஊர்க்காவல் படையினராகச் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு, அறுவடைக்கு வீடு திரும்பியவர்கள். இருந்த ராணுவ ஆவணங்களிலும் பெரும்பகுதி, 1800-ஆம் ஆண்டு நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. 1790-இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

இந்த இடைவெளியை நிரப்புபவை ஓய்வூதிய மனுக்கள். வறுமையில் வாடிய முன்னாள் வீரர்களுக்கு 1818-இல் ஓய்வூதியம் அறிவிக்கப்பட்டது. மனுக்கள் குவியவே, சொத்துப் பட்டியல் தர வேண்டும் என்று 1820-இல் நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒரு பசு, ஓர் இரும்புப் பானை, பழைய கலப்பை என அவர்கள் அளித்த பட்டியல்கள், வேறெந்த ஆவணமும் சொல்லாத குடும்ப நிலையைச் சொல்கின்றன. தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியிருந்ததாலேயே ஒரு வீரரின் வாழ்க்கை வரலாற்றில் பதிவானது என்பது முரண்.

1832-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது. வறுமையை நிரூபிக்காமலே, ஊர்க்காவல் படையினரும் விண்ணப்பிக்க அது வழிசெய்தது. ஆவணம் இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்தனர். எங்கே, எப்போது பிறந்தீர்கள்? படைக்குச் சென்றபோது எங்கே வசித்தீர்கள்? அதன்பின் எங்கெல்லாம் குடியிருந்தீர்கள்? விரும்பிச் சேர்ந்தீர்களா, வேறொருவருக்குப் பதிலாகச் சென்றீர்களா? இந்தக் கேள்விகளுக்கு எழுபது வயதைக் கடந்த முதியவர்கள் கூறிய பதில்களே இன்று அவர்களுடைய வாழ்க்கை வரலாறு. கைம்பெண்களும் விண்ணப்பித்தனர். திருமணத்துக்குச் சான்றாக, குடும்ப விவிலியத்தில் பிறப்பும் மணமும் குறிக்கப்பட்ட தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. இத்தகைய சுமார் 80,000 கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

எனினும், மனுவில் உள்ள அனைத்தையும் அப்படியே ஏற்க முடியாது. அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய நினைவில் ஆண்டுகள் குழம்பும். பணம் கிடைக்கும் என்றால் பணிக்காலம் நீளவும் கூடும். ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் இருவர் வாழ்ந்திருக்கலாம். எனவே, நிலப்பத்திரம், வரிப் பட்டியல், உயில், சாட்சி சொன்ன அண்டை வீட்டாரின் மனுக்கள் ஆகியவற்றுடன் ஒப்பிட வேண்டும். எல்லைப்புற மக்கள் உறவினருடனும் அண்டை வீட்டாருடனும் சேர்ந்தே இடம்பெயர்ந்தனர் என்பதால், ஒருவரைத் தேட அவரைச் சூழ்ந்தவர்களையும் தேடுவதே பயன் தரும்.

மனுக்களின் மௌனத்தையும் வாசிக்க வேண்டும். மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763-இல் பிரிட்டிஷ் அரசர் ஆணையிட்டிருந்தார். அதை மீறியும் குடியேற்றம் தொடர்ந்தது. 1776-இல் வர்ஜீனியா, கரோலினா பகுதிப் படையினர் செரோக்கீ பழங்குடியினரின் ஊர்களையும் விளைந்து நின்ற பயிர்களையும் எரித்தனர். விவசாயிகளே பிற விவசாயிகளின் வயல்களுக்குத் தீ வைத்த அந்தப் படையெடுப்பு, ஓய்வூதிய மனுவில் கணக்கில் சேரும் ஒரு பணிக்காலம் மட்டுமே.

அடிமைப்படுத்தப்பட்டிருந்த கருப்பின மக்களின் சந்ததியினருக்கோ தேடலே பாதியில் நின்றுவிடுகிறது. 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரையும் பதிந்தது. அடிமைகளைப் பெரும்பாலும் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதாகவும் பாலினமாகவும் மட்டுமே குறித்தது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக இடம்பெற்றன.

முன்னோரைத் தேடுவோர் பெருமையைத் தேடியே புறப்படுகின்றனர். ஆவணங்கள் காட்டுவதோ வறுமையும் துணிவும் மறதியும் பிறருக்கு இழைத்த அநீதியும் கலந்த ஒரு மனிதரை. அவரை முழுமையாக ஏற்பதே குடும்ப வரலாற்றுக்கு நேர்மை சேர்க்கும். நாட்டின் வரலாற்றுக்கும் அதுவே பொருந்தும்.