முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் வாழிடமும்

ஆண்மக்களுக்கு மூத்திரப்பையின் அடியில், நீர்வழியைச் சூழ்ந்து ஒரு சிறு சுரப்பி அமைந்துளது. அதனை முன்னிற்குஞ் சுரப்பி என்பர். கிரேக்கப் பெயரின் பொருளை அவ்வாறே தமிழில் வைத்த கலைச்சொல் இது. செவிக்குச் சற்றே கரடுமுரடாயினும் பொருத்தமானது. முதுமையில் இச்சுரப்பியிலே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. எலும்பிற் பரவுமுன் கண்டால் பெரும்பாலும் குணமாக்கத்தக்கது. ஆயின், தொடக்கத்தில் அது நோவு யாதும் தருவதில்லை. எனவே நோயாளி வாழும் இடத்துக்கும் அவன் பிழைப்பதற்கும் தொடர்பு உண்டாகின்றது.

அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 2000 முதல் 2002 வரையிலான ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் வீதம், தலைநகரங்களிலும் பார்க்க நாட்டுப்புறங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்திருந்தது. நாட்டுப்புறத்தாரின் உடலிலே நோய் கொடிதாய் வளர்ந்ததோ எனின், அவ்வாறு கொள்ளச் சான்றில்லை.

இங்கே கணக்கில் ஒரு மயக்கம் உண்டு. இச்சுரப்பிக்குரிய ஒரு புரதத்தைக் குருதியில் அளக்கும் சோதனை 1980களின் பிற்பகுதியிற் பரவலாயிற்று. நகரத்தார் அதனை மிகுதியாகச் செய்துகொண்டனர். ஆதலால், ஒருபோதும் உயிர்க்கு ஊறு செய்யாத சிறு கட்டிகளும் அவர்களிடம் அதிகமாய் அகப்பட்டன. அத்தகையோரையும் சேர்த்து எண்ணினால், பிழைத்தோர் தொகை தானே உயர்ந்து தோன்றும். அத்தொகையை மட்டும் நோக்கி நகர வைத்தியத்தைப் புகழ்வது பிழையாகும். குடிமக்கள் தொகைக்கு எத்துணைப் பேர் இறந்தனர் என்பதே நம்பத்தக்க உரைகல். அவ்வுரைகல்லிலும் நாட்டுப்புறத்தார் பின்னின்றனர் என்பதுதான் கவலைக்குரியது.

காரணங்களுள் தொலைவு தலையாயது. குயின்ஸ்லாந்தின் உட்பகுதியிலுள்ள மவுண்ட் ஐசா என்னும் சுரங்க நகரிலிருந்து, கதிரியக்கச் சிகிச்சை நடைபெறும் டவுன்ஸ்வில் ஏறத்தாழ 900 கிலோமீற்றர். அச்சிகிச்சையோ முன்னர் வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழெட்டு வாரம் நீடித்தது. மந்தையையும் பயிரையும் விட்டு எவன் அத்துணைக் காலம் வேற்றூரிலே தங்குவான்? சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையும் நாட்டுப்புறத்தாரிடையே குறைவாகவே நடந்தது. பிரித்தானியாவில் நடந்த பேராய்வொன்று, நான்கு வாரத்தில் 20 முறை கதிரியக்கம் அளித்தலும் பழைய முறைக்குக் குறைந்ததன்று என 2016 இல் நிறுவியது. புதிய மருந்து ஒன்றும் இல்லை. நாட்கள் குறைந்தன, அவ்வளவே. தொலைவில் வாழ்வோனுக்கு அதுவே பெரும் உதவி.

நிற்க. தொலைவின் துன்பம் நம்மவர்க்குப் புதிதன்று. சிகிச்சைக்காக வடபகுதி நோயாளர் மகரகமைக்கு இரவு முழுவதும் பயணஞ் செய்த காலம் நெடிது. 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நிதி திரட்ட நடந்த நடைபவனியின் பயனாக, 2013 இல் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பெற்றது. சிகிச்சை நிலையம் அண்மையில் வந்தது. நோயை முந்திக் காண்பது ஊர்தோறும் உள்ள சிறு வைத்தியசாலைகளின் கையிலுள்ளது. இரவிற் பலமுறை எழும் முதியவர், ‘வயதுக்கோளாறு’ என்று வாளாவிருக்கின்றார். பலர்க்கு அது வெறும் வீக்கமாகவே இருக்கலாம்; அதனைச் சோதித்துத் தெளியவேண்டியவர் வைத்தியரே. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்ததாயின், ஐம்பது வயதுவரை காத்திராது முன்னரே வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.