விடுபட்ட இரண்டு வரிகள்

2021 ஏப்ரல் கடைசியில், ஜெர்மனியில் இணையதளங்களுக்கு இடம் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்குப் புகார் ஒன்று வந்தது. தன் தளத்துக்கு வந்துபோனவர்களின் விவரம் அடங்கிய லாக் கோப்பைத் தரவிறக்கினால் திறக்க மறுக்கிறது என்றார் வாடிக்கையாளர். அங்கே வேலை பார்த்த மாக்ஸ் கெல்லர்மன் அதை எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த விவரமெல்லாம் சரியாகவே இருந்தது. கோப்பின் கடைசியில், சரிபார்ப்பதற்காக வைத்திருக்கும் பகுதி மட்டும் தப்பு. ஏதோ ஒரு புரோகிராம் பாதியில் நின்றுபோயிருக்கும் என்று எண்ணி, கையாலேயே அதைத் திருத்திக் கொடுத்துப் புகாரை முடித்துவைத்தார்.

சில மாதங்கள் கழித்து அதே புகார் மறுபடி வந்தது. பிறகு இன்னொன்று. கெட்டுப்போன கோப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாளுக்குரிய கோப்புதான் கெட்டிருந்தது. கெட்டுப்போன எட்டு பைட்டுகளும் எல்லாக் கோப்புகளிலும் ஒன்றேபோல் இருந்தன. ஆங்கில எழுத்துகளான ‘பி’, ‘கே’ என்று தொடங்கின. ஜிப் கோப்புகளுக்கே உரிய முத்திரை அது. ஒரு மாதத்து லாக்குகளைச் சேர்த்துக் கட்டி வாடிக்கையாளருக்கு ஜிப்பாக அனுப்பும் புரோகிராம் ஒன்று அந்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால், லாக் கோப்புகளைப் படிக்க மட்டுமே அதற்கு அனுமதி. எழுத அனுமதியே கிடையாது. அப்படியிருக்க அதன் எழுத்து அங்கே எப்படி வந்தது?

கெல்லர்மன் முதலில் தன் புரோகிராம்களைத்தான் சந்தேகப்பட்டார். அவற்றில் குற்றம் எதுவும் அகப்படவில்லை. கடைசியில், சில வரிகளே கொண்ட இரண்டு குட்டிப் புரோகிராம்களை எழுதினார். ஒன்று, ஒரு கோப்பில் ‘ஏ’ என்ற எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டே இருக்கும். மற்றது அந்தக் கோப்பின் பக்கத்தை ஒரு பைப்புக்குள் தள்ளிவிட்டு, பின்னாலேயே ‘பி’ என்ற எழுத்தைப் பைப்புக்குள் அனுப்பும். ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வழிதான் பைப். இரண்டையும் ஓடவிட்டார். ‘ஏ’ மட்டுமே இருக்க வேண்டிய கோப்பில் ‘பி’ வந்து உட்கார்ந்திருந்தது. குற்றம் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது என்று 2022 பிப்ரவரி 19 அன்று தெளிவாகிவிட்டது.

கணினியின் பிராசசர், நினைவகம், டிஸ்க் ஆகியவற்றை நேரடியாக ஆள்வது கெர்னல். நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாம் அதனிடம் கேட்டுத்தான் எதையும் பெற முடியும். யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்று தீர்மானிப்பதும் அதுவே. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். அப்படிப்பட்ட இடத்தில், படிக்க மட்டும் அனுமதி பெற்ற ஒருவர் எழுதவும் முடியும் என்றால், சாதாரணப் பயனர் எவரும் கடவுச்சொல் கோப்பையே மாற்றிவிட்டு அந்த இயந்திரத்துக்கு முழு அதிபதி ஆகிவிடலாம். இந்த ஓட்டைக்கு ‘டர்ட்டி பைப்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஓட்டை எப்படி விழுந்தது என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி. பைப்பில் தகவல் வைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் சில குறிகள் உண்டு. புதிதாக ஒன்றை வைக்கும்போது முன்பிருந்த குறிகளை அழித்துவிட வேண்டும். 2016-ல் சேர்க்கப்பட்ட இரண்டு செயற்கூறுகளில் அந்த அழிக்கும் வரி விடுபட்டுப்போனது. நான்கு ஆண்டுகள் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. ஏனென்றால், ஆபத்தான குறி எதுவும் அப்போது இல்லை. 2020-ல் வெளிவந்த 5.8 பதிப்புக்காக அதே பகுதியைச் செப்பனிட்டார்கள். ‘இந்த இடத்தில் மேலும் எழுதிச் சேர்க்கலாம்’ என்ற அனுமதியை ஒரு குறியாக மாற்றினார்கள். அந்த மாற்றம் தன்னளவில் சரியானதுதான். ஆனால், பழைய விடுபடலும் புதிய குறியும் சேர்ந்தபோது பூட்டு தானாகத் திறந்துகொண்டது. திருத்தம் என்ன? அந்த இரண்டு செயற்கூறுகளிலும் குறியைப் பூஜ்யமாக்கும் ஒரு வரி. ஆக மொத்தம் இரண்டு வரிகள்.

பிப்ரவரி 20 அன்று கெல்லர்மன் புகாரையும் திருத்தத்தையும் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார். 23 அன்று 5.16.11, 5.15.25, 5.10.102 என்ற மூன்று பதிப்புகள் திருத்தத்தோடு வெளிவந்தன. மூன்றே நாள். இந்த வேகம் தானாக வந்ததில்லை. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வாரம் தவறாமல் நடந்துவரும் ஓர் உழைப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னலுக்கு, இன்று ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். ஆனால், சுடச்சுட வந்த பதிப்பை ஓட்டுபவர்கள் சொற்பம். ஒரு போன் சந்தைக்கு வரும்போது அதில் எந்தக் கெர்னல் இருந்ததோ, பெரும்பாலும் அதே வரிசைதான் அதன் ஆயுள் முழுக்க. வங்கி சர்வரையோ ஆலை இயந்திரத்தையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைகீழாக மாற்றச் சம்மதிப்பவர் யாரும் இல்லை. ஆகவே, புதியதில் செய்த திருத்தத்தைப் பழையதற்கும் கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது வேண்டும். 2005 மார்ச்சில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், கிறிஸ் ரைட் இருவரும் இதற்கென்று ‘ஸ்டேபிள்’ கிளையைத் தொடங்கினார்கள். பின்னாளில் சாஷா லெவினும் கிரெக்கோடு சேர்ந்து இந்தப் பாரத்தைச் சுமந்தார்.

அந்தக் கிளையின் விதிகள் கறாரானவை. திருத்தம் முதலில் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து நூறு வரியைத் தாண்டக் கூடாது. உண்மையில் யாரையாவது பாதிக்கும் பிழையைத் திருத்த வேண்டும். ‘இப்படியும் நடக்கக்கூடும்’ என்ற ஊகத்துக்கு இடமில்லை. முதல் விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். பழையதில் மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டுப் புதியதில் மறந்துவிட்டால், அடுத்த பதிப்புக்கு மாறுகிறவருக்குப் பழைய நோய் திரும்ப வந்துவிடும்.

‘பேட்ச்’ எனப்படும் இந்தத் திருத்தம் எப்படி இருக்கும்? வெறும் எழுத்து, மின்னஞ்சலில் வரும். மேலே, என்ன கோளாறு, ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம். அதன் கீழே, எந்தப் பழைய மாற்றத்தால் இந்தக் கோளாறு வந்தது என்று அதன் பன்னிரண்டு இலக்க அடையாளத்தோடு ஒரு வரி. அதற்கும் கீழே, எழுதியவரில் தொடங்கி, கைமாற்றிய ஒவ்வொருவரின் ஒப்பமும் பெயரும். எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸின் உரிமை குறித்து வழக்குத் தொடுத்த பிறகு, 2004-ல் வந்த ஏற்பாடு இந்த ஒப்பம். பிறகுதான் நிரல்: நீக்கிய வரியின் முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரியின் முன்னால் கூட்டல் குறி, இடம் தெரிவதற்காக மேலும் கீழும் மும்மூன்று வரிகள்.

இந்த மும்மூன்று வரிகளில்தான் பழைய பதிப்பின் தலைவலி தொடங்குகிறது. ஐந்தாண்டுக்கு முந்தைய கெர்னலில் அந்த வரிகள் வேறாக இருக்கும். செயற்கூறின் பெயர் மாறியிருக்கும். சில நேரம் பேட்ச் முணுமுணுக்காமல் பொருந்திக்கொள்ளும். ஆனால், அது நம்பியிருக்கும் வேறொரு மாற்றம் அங்கே வந்தே இருக்காது. அப்படிப் பொருந்துவதுதான் மிகவும் ஆபத்து. அதனால், ஸ்டேபிள் பதிப்பு ஒவ்வொன்றையும் வெளியிடும் முன் பேட்ச்களின் பட்டியலை எல்லோர் பார்வைக்கும் வைத்து, வழக்கமாக 48 மணி நேரம் காத்திருக்கிறார்கள். பல நாடுகளில் இருப்பவர்கள் அதைத் தொகுத்து, தங்கள் இயந்திரங்களில் ஓடவிட்டு, ‘என்னிடம் ஓடுகிறது’ என்றோ ‘என்னிடம் விழுந்துவிட்டது’ என்றோ பதில் எழுதுகிறார்கள். கிட்டத்தட்ட வாரம்தோறும் இது நடக்கிறது, ஒரே சமயத்தில் பல பதிப்புகளுக்கு.

பராமரிப்பில் பொறுமையோடு ஞாபகமும் வேண்டும். 2016 அக்டோபரில் ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை வெளியானது. அது குறைந்தது 2007-ல் வந்த பதிப்பிலிருந்தாவது இருந்துவந்தது. அதை அடைத்த டோர்வால்ட்ஸ், இது மிகப் பழைய கோளாறு என்றும், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு தானே இதைத் திருத்த முயன்று சரியாகச் செய்யவில்லை என்றும், ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது என்றும் அந்தப் பேட்சின் விளக்கத்திலேயே எழுதிவைத்தார். இப்படி வெளிப்படையாக எழுதிவைப்பதால்தான் அடுத்து வருகிறவர் அதே பள்ளத்தில் விழாமல் தப்புகிறார்.

இத்தனை வேலையையும் செய்வது யார்? கெர்னலோடு சேர்ந்தே பராமரிப்பாளர்களின் பட்டியல் கோப்பு ஒன்று வருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறித்திருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் கவனித்தால் ஒரு சொல்; சம்பளம் இல்லாமலும் ஒருவர் கவனித்தால் ஒரு சொல்; அவ்வப்போது மட்டும் பார்த்துக்கொள்வதற்கு வேறு சொல். கேட்பாரே இல்லாத பகுதிக்கு ‘அனாதை’ என்று எழுதியிருக்கும். கெர்னலுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள். தங்கள் சிப்புக்கான டிரைவர், தங்கள் சர்வருக்கான வசதி என்றால் நிறுவனங்கள் தாராளமாகவே செலவழிக்கின்றன. பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்துச் சரிபார்க்கும் வேலைக்கு அந்தத் தாராளம் இல்லை. இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். லாபம் பார்க்கிறவர்கள் எல்லோரும் தாங்கிக்கொள்ள வேண்டிய வேலையை ஒருசிலரின் இரவுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் தாங்குகின்றன.

அந்த நேரத்தின் அருமை தெரியாமல் நடந்துகொண்டவர்களும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க, வேண்டுமென்றே பிழை வைத்த பேட்ச்களை அனுப்பியது 2021-ல் பெரும் பிரச்சினையானது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதையும் ஏற்பதில்லை என்று கிரெக் அந்த ஏப்ரலில் அறிவித்தார். அங்கிருந்து முன்பு வந்திருந்த ஏறத்தாழ 190 மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரையை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செலவான மணி நேரங்கள் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

களைப்பின் விளைவு கண்கூடு. ஆண்டுக்கு ஒரு பதிப்பைத் தேர்ந்து நீண்ட காலம் பராமரிப்பது வழக்கம். 2017-ல் ஆண்ட்ராய்டு போன்களை மனத்தில் வைத்து அந்தக் காலத்தை ஆறு ஆண்டுகளாக நீட்டினார்கள். 2016 ஜனவரியில் வந்த 4.4, அப்படித்தான் 2022 பிப்ரவரியில் 4.4.302 வரை போய் நின்றது. 2023-ல், புதிய பதிப்புகளுக்கு இனி இரண்டு ஆண்டுகள்தான் என்றார்கள். அதே 4.4-ஐ மின்நிலையம், ரயில் போன்றவற்றுக்காக 2027 வரை கட்டிக்காக்க, சீமென்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா போன்ற நிறுவனங்கள் சேர்ந்த தனிக் கூட்டமைப்பு ஒன்று பொறுப்பேற்றிருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் தங்கள் ஆட்களையும் பணத்தையும் போட்டுச் செய்கிறார்கள். மற்றவர்களும் பின்பற்ற வேண்டிய வழி இதுதான்.

கடைசியாக நம் கையில் இருக்கும் போன். டர்ட்டி பைப்புக்கான பேட்ச் மூன்று நாளில் தயாரானது. அது போன்களுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. ஏனென்றால் நடுவில் சிப் செய்பவர், போன் செய்பவர் என்று பல கைகள் இருக்கின்றன. எங்கேனும் ஒரு கை ‘இந்த மாடலை விற்று முடித்துவிட்டோம்’ என்று விலகிக்கொண்டால், ஜெர்மனியில் கண்டுபிடித்து உலகமே சரிபார்த்த அந்த இரண்டு வரிகள் உங்களிடம் வரவே வராது. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தின் வழியே பிடித்திருக்கிறது: 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போனால், கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியையும் கெர்னலின் எண்ணையும் பார்க்கலாம். அப்டேட் காத்திருந்தால் இன்றே நிறுவி, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தேதி ஓர் ஆண்டுக்கும் முந்தையதாக இருந்து, புதிய அப்டேட்டும் வரவில்லை என்றால், வங்கிச் செயலியை அந்தப் போனில் வைத்திருக்காதீர்கள். அடுத்த போன் வாங்கும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.