முதலில் கூவும் சேவல்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏரிப்பாசனச் சிற்றூர்களில் பொழுது புலருமுன் மூன்று ஒலிகள் கேட்கும். முதலில் சேவல், அடுத்து வாசலில் சாணம் தெளிக்கும் ஓசை, அதற்குப் பிறகே நம் கோவில் மணி. "கிழக்கு வெளுத்தால்தானே சேவல் கூவும்? மழைமூட்டமான நாளில் என்ன செய்வீர்கள்?" என்று மணியடிக்கும் உபதேசியாரிடம் ஒருமுறை கேட்டேன். "இருட்டிலும் கூவும், சாமி" என்றார். நான் நம்பவில்லை.

அவர் சொன்னதே சரி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா என்னும் அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பித்தது. விளக்கு ஏற்றப்படுவதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே சேவல்கள் கூவின. பகலிரவு தெரியாதபடி மங்கிய ஒளியிலேயே அவற்றை வைத்தபோதும், பல நாள்கள் சுமார் 23.8 மணிக்கு ஒருமுறை கூவிக்கொண்டிருந்தன. கடிகாரம் வெளியில் இல்லை. சேவலின் உடலுக்குள் இருக்கிறது.

2015-இல் அவர்கள் கண்டது இன்னும் வியப்பானது. கூட்டத்தில் முதலிடம் பெற்ற சேவலே முதலில் கூவும். மற்றவை தத்தம் வரிசைப்படி தொடரும். முதல் சேவலை அகற்றினால் இரண்டாவது தொடங்கும். ஆக, கோழிக் கூட்டத்தில் முதன்மை என்பது முதலில் குரல் கொடுப்பதுமாகும்.

நம் இல்லங்களில்? குடும்பத் தலைவர் என்று குடும்ப அட்டையில் யார் பெயர் இருந்தாலும், முதலில் எழுபவள் பெரும்பாலும் தாய். கடைசியாகப் படுப்பவளும் அவளே. "சீக்கிரம் எழுந்து படி" என்று பிள்ளையை அதட்டும் தந்தை, அதைப் போர்வைக்குள்ளிருந்து சொன்னால் எப்படி? (நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்துவிட்டு அதிகாலையில் எழ முயல்வதும் வீண்முயற்சியே. சேவல் அந்தி சாய்ந்ததும் அடைந்துவிடுகிறது.)

புனித இராயப்பரை நினையுங்கள். விழித்திருக்கச் சொன்ன தோட்டத்தில் உறங்கிவிட்டார். அன்றிரவே சேவல் கூவியபோதுதான் உள்ளம் விழித்து அழுதார். அவரும் சீடர்களுள் முதல்வர்தாம்.

இவற்றை ஒரு ஞாயிறு மறையுரையில் சொன்னேன். சில வாரங்கள் கழித்து ஒரு விவசாயி, "இப்போது நான்தான் முதலில் எழுந்து தண்ணீர் பிடித்து, மாடு கறக்கிறேன், சாமி" என்றார். அருகில் நின்ற மனைவி சிரித்தார்: "முதல் இரண்டு நாள் எனக்குப் படுத்திருக்கவே முடியவில்லை, சாமி. ஏதோ தவறு செய்வதுபோல் இருந்தது."