வெல்லும் குதிரையைக் கணித்தும் லாபமில்லை: இந்தியன் டெர்பியில் வரிக் கணக்கு

புது தில்லி: மும்பை மகாலட்சுமி மைதானத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரித் தொடக்கத்தில் ஓடும் இந்தியன் டெர்பி, நாட்டின் குதிரைப் பந்தயங்களில் முதன்மையானது. நான்கு வயதுக் குதிரைகளுக்கான 2,400 மீட்டர் ஓட்டம் இது. 1943-ல் நடைபெற்ற முதல் டெர்பியில் பரோடா மகாராஜாவின் 'பிரின்சஸ் பியூட்டிபுல்' என்ற பெண் குதிரை வென்றது. அன்றுமுதல் ஒவ்வோராண்டும் பந்தயத்திற்குப் பல வாரங்கள் முன்பே 'எது பேவரிட்?' என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது.

கணிப்பவர்களுக்கு முதல் ஆதாரம், டிசம்பரில் அதே மைதானத்தில் நடைபெறும் 2000 கினீஸ் பந்தயம். ஆனால் அது 1,600 மீட்டர்தான். அங்கே பாய்ந்து வென்ற குதிரை, மேலும் 800 மீட்டருக்கு மூச்சுப் பிடித்து ஓடுமா என்பதை அதன் தந்தை, தாய் வழி வம்சத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். பெங்களூர், ஹைதராபாதிலிருந்து வரும் குதிரைகளை உள்ளூர்க் குதிரைகளுடன் ஒப்பிடுவதும் எளிதல்ல. பெண் குதிரைகளுக்கு எடைச் சலுகை வேறு உண்டு.

இவ்வளவு ஆராய்ந்தும், 20-க்கு 1 என்ற விலையில் நிற்கும் குதிரையின் மீது ஒரு நோட்டையாவது வைக்கத்தான் மனம் துடிக்கிறது. அமெரிக்கப் பந்தயங்களை ஆராய்ந்த கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். வெல்ல வாய்ப்பில்லாத குதிரைகள் மீது தகுதிக்கு மேல் பணம் குவிகிறது. பேவரிட் குதிரைக்கோ தகுதிக்குக் குறைவாகவே பணம் விழுகிறது. ஆகவே, நிதானமாகக் கணக்குப் போடுபவர் பேவரிட் பக்கமே சாய வேண்டும்.

இந்தக் கணக்கைத்தான் உச்ச நீதிமன்றம் திறமை என்று ஏற்றது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-ல் சட்டம் இயற்றியதைத் தொடர்ந்து எழுந்த வழக்கில், 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், அது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டமல்ல என்று நீதிபதிகள் கூறினர். நாட்டின் பந்தய மைதானங்கள் அனைத்துக்கும் இன்றளவும் கவசமாக இருப்பது அத்தீர்ப்பே.

வரி விதிப்போர் பார்வை வேறு. 2017-க்கு முன் பந்தய வரி மாநிலங்களின் கையில் இருந்தது. ஜிஎஸ்டி வந்தபின் சூதாட்ட விடுதி, லாட்டரி ஆகியவற்றோடு குதிரையும் ஒரே கொட்டிலில் கட்டப்பட்டது. கிளப்பின் கமிஷன் மீது மட்டுமே வரி விதிக்கலாம் என 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2023 அக்டோபர் முதல், கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் எனச் சட்டமே திருத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22-ல் அது 40 சதவீதமானது.

விளைவு விசித்திரமானது. டெர்பியில் அசைக்க முடியாத பேவரிட் ஒன்று 40/100 என்ற விலையில் நிற்பதாகக் கொள்வோம். அதன்மீது 100 ரூபாய் கட்டினால் லாபம் 40 ரூபாய். மேற்கொண்டு செலுத்தும் வரியும் 40 ரூபாய். குதிரை வென்றும் கையில் மிஞ்சுவது பூஜ்யம். தோற்றாலோ நஷ்டம் 140 ரூபாய். அதே 100 ரூபாயை 20-க்கு 1 குதிரையின் மீது கட்டி, அது வென்றுவிட்டால் கிடைக்கும் 2,000 ரூபாயில் இந்த 40 ரூபாய் உறைக்காது. பெரிய தொகை விழுந்தால் 30 சதவீத வருமான வரிப் பிடித்தம் இருக்கிறது. அது வென்றவருக்கு வரும் கவலை.

ஆக, நீதிமன்றம் மெச்சிய திறமைக்கு மைதானத்தில் மதிப்பில்லை. குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புபவருக்கு வரி உறுத்துவதில்லை. பேவரிட் மீது பெருந்தொகை கட்டி, சிறு லாபம் பார்த்து வந்தவருக்கு மைதானத்துக்கு வெளியே கைபேசியில் காத்திருக்கிறார் உரிமமற்ற புக்கி. அவரிடம் அதே 40/100 விலைக்கு 40 ரூபாய் முழுதாகக் கிடைக்கும். அந்தப் பணத்தில் மத்திய அரசுக்கும் பங்கில்லை, மகாராஷ்டிரத்துக்கும் பங்கில்லை, டெர்பியை நடத்தும் கிளப்புக்கும் பங்கில்லை.