கண்ணில் படாத படங்கள் – 14: படத்தைவிடப் பாட்டுக்கு விலை அதிகம்

இந்த வாரம் ஈரானுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். நல்ல படங்கள் மறைந்துபோவதற்கு ரசனைப் பஞ்சத்தைவிட உரிமைப் பத்திரப் பஞ்சமே பெரிய காரணம் என்பது இந்தத் தொடரின் கட்சி. ஆனால் போகிற வழியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கணக்கு மறித்துக்கொண்டது. ஒரு படத்தை எடுத்து முடிக்க ஆன செலவு 10,000 டாலருக்கும் குறைவு. அதில் ஒலிக்கும் பாட்டுகளுக்கு உரிமை வாங்க ஆனதோ சுமார் 1,50,000 டாலர். இதைத் தாண்ட முடியாமல் அந்தப் படம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திரையரங்குக்கு வராமலே கிடந்தது.

சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’தான் அது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் பட்டத்துக்காகச் சமர்ப்பித்த படம். கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில், சனி ஞாயிறுகளில், 16 எம்.எம். கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தார். ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஸ்டானுக்குத் தூக்கம் வருவதில்லை. கதை என்று எடுத்துச் சொல்ல அதற்குமேல் அதிகம் கிடையாது. அவனும் நண்பனும் காசு சேர்த்து ஒரு பழைய கார் எஞ்சினை வாங்கி, மாடியிலிருந்து மூச்சுமுட்ட இறக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி நகர்ந்ததும் அது கீழே விழுந்து உடைகிறது. வறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் வராத கனம் அந்த ஒரு காட்சிக்கு உண்டு. கல்லூரிக்காக எடுத்ததால் வணிக வெளியீடு அவர் எண்ணத்தில் இல்லை. இசை உரிமையும் வாங்கவில்லை. பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு: மெட்டும் வரிகளும் பதிப்பாளரிடம், பதிவு இசைத்தட்டு நிறுவனத்திடம். பால் ராப்சன், டைனா வாஷிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் என்று வரிசை நீளும்போது ஒரு மாணவரால் என்ன செய்ய முடியும்?

பாட்டை மாற்றிவிட்டு வெளியிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. கறுப்பின அமெரிக்கரின் இசை வரலாறாகவே இந்தப் படம் ஒலிக்க வேண்டும் என்பது பர்னெட்டின் திட்டம். டைனா வாஷிங்டனின் ‘திஸ் பிட்டர் எர்த்’ ஒலிக்க, ஸ்டானும் மனைவியும் மெல்ல ஆடுகிறார்கள். அவள் அவனைப் பற்றிக்கொள்கிறாள். பாட்டு முடிந்ததும் அவன் ஒரு சொல்லும் இல்லாமல் விலகிப் போகிறான். அங்கே வசனம் பேசுவது பாட்டுதான். 2007இல் மைல்ஸ்டோன் என்ற பட விநியோக நிறுவனம் படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தபோதும், இறுதிக்காட்சியின் ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாட்டுக்கு மட்டும் உரிமை கிடைக்காமல், ‘திஸ் பிட்டர் எர்த்’தையே மறுபடி போட வேண்டியதாயிற்று. அசல் பாட்டு தன் இடத்துக்குத் திரும்பியது 2025இல் வந்த புதிய மீட்டெடுப்பில்தான்.

தரமான படம் என்றைக்காவது தானே மேலே வந்துவிடும் என்பது அடுத்த வாதம். 1981இல் பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசு வாங்கிய படம் இது. 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பிறகும் பதினேழு ஆண்டுகள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வழியில்லை. பூட்டைத் திறந்தது புகழ் அல்ல. பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் பிரதியை 35 எம்.எம்.மாக மீட்டெடுத்தது, மைல்ஸ்டோன் விடாமல் உரிமைகளைத் துரத்தியது, இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பணம் கொடுத்து உதவினார், அதனால் திறந்தது. ‘தானே மேலே வந்த’ படங்களை மட்டும் எண்ணினால் வாதம் ஜெயிக்கத்தான் செய்யும். வராதவற்றை எண்ணவே முடியாதே! பார்பரா லோடனின் ‘வாண்டா’ 1970இல் வெனிஸில் பரிசு பெற்றது. ஹாலிவுட்டில் ஒரு ஆய்வகத்தை மூடியபோது யாரோ கவனித்துக் காப்பாற்றியிருக்காவிட்டால், அதன் மூலச்சுருளும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இப்போதுதான் எல்லாம் ஓடிடியில் கிடைக்கிறதே என்றும் சொல்லலாம். ஓடிடியும் உரிமையைத் தவணைக்குத்தான் வாங்குகிறது. தவணை முடிந்தால் படம் இறங்கிவிடும். தவிர, ஏற்கெனவே பலர் பார்த்ததையே அது நமக்கும் நீட்டும். ஆகவே, பார்க்கத்தக்க படங்களைத் தேடுகிறவர்கள் ‘சிறந்த நூறு’ பட்டியல்களைவிட மீட்டெடுப்பவர்களின் பெயர்களைப் பின்தொடர்வது நல்லது: மைல்ஸ்டோன், மார்ட்டின் ஸ்கோர்செஸி 2007இல் தொடங்கிய உலக சினிமாத் திட்டம், இத்தாலியின் போலோன்யா திரைப்படக் காப்பகம். இவர்கள் ஒரு படத்துக்காகப் பணமும் வருடங்களும் செலவழிக்கிறார்கள் என்பதே, நாம் அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கப் போதுமான சிபாரிசு.

ஈரான் அடுத்த வாரத்துக்குப் போகிறது. முகம்மது ரெசா அஸ்லானியின் ‘செஸ் ஆஃப் த விண்ட்’, 1976இல் எடுத்த படம். அதன் மூலச்சுருள் 2014இல் டெஹ்ரானின் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்தது. இந்த முறை பாட்டு குறுக்கே வராது.