“ஃபார்மட் செய்யவா?” என்று கம்ப்யூட்டர் கேட்டால் அவசரப்படாதீர்கள்!



நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் பல வீடுகளில் இன்றும் பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி போட்ட டெஸ்க்டாப். இல்லையென்றால், 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப். மர்ஹூமான அத்தாவின் போட்டோ, நிக்காஹ் வீடியோ, பத்திர நகல், சபுராளிகளின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் அதில்தான் கிடக்கும். இவற்றில் பலவற்றை நாம் இழப்பது டிஸ்க் கெட்டுப்போவதால் அல்ல, அவசரப்பட்டு ஒரு பட்டனை அழுத்துவதால்.

எல்லா எர்ரரும் பழுது அல்ல

வெளிநாட்டிலிருந்து வந்தவர் 64 ஜிபி பென்டிரைவ் தருகிறார். அவருடைய புதிய லேப்டாப்பில் அது திறக்கிறது. நம் வீட்டு எக்ஸ்பி கம்ப்யூட்டரில் செருகினால், “டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?” என்று கேட்கிறது. இங்கே பென்டிரைவில் எந்தக் கோளாறும் இல்லாமல் இருக்கலாம். பெரிய அளவுள்ள பென்டிரைவ்களும் மெமரி கார்டுகளும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகின்றன. எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2009இல்தான் தனியாக வெளியிட்டது. தனக்குப் புரியாததைத்தான் அந்தக் கம்ப்யூட்டர் “ஃபார்மட் ஆகவில்லை” என்று சொல்கிறது. ‘நோ’ கொடுத்துவிட்டு, விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே திறந்தால் பிரச்சினை பென்டிரைவில் இல்லை.

இலவச லேப்டாப்பில் உள்ள பாஸ் லினக்ஸிலும் இதே நிலை வரலாம். லினக்ஸின் மையப்பகுதியிலேயே எக்ஸ்ஃபேட் வசதி சேர்ந்தது 2019 நவம்பரில் வந்த 5.4 பதிப்பில்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பென்டிரைவில் 10 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 5 ஜிபி வலிமா வீடியோ காப்பி ஆகாது. ஃபேட்32 முறையில் உள்ள பென்டிரைவில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. அதுதான் காரணம். வீடியோவை இரண்டாகப் பிரிக்கலாம். அல்லது உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றலாம். ஆனால் பழைய டிவி, டிவிடி பிளேயர் பலவற்றில் ஃபேட்32 மட்டுமே ஓடும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் செருகியதும் தெரிந்து, பிறகு மறைந்துபோனால் மின்சாரம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். டெஸ்க்டாப்பின் முன்பக்கத்தை விட்டு, பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

உண்மையான பழுது எது?

‘டக் டக்’ என்ற சத்தம், ஒரே ஃபைலில் காப்பி திரும்பத் திரும்ப நின்றுபோவது, விண்டோஸ் திறக்க முன்பை விடப் பல மடங்கு நேரம் எடுப்பது, ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற எர்ரர். இவை ஹார்டு டிஸ்க் பலவீனமாகிவிட்டதன் அடையாளங்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் திடீர் மின்வெட்டும் டிஸ்க்கில் உள்ள பதிவுகளைக் குழப்பிவிடும்.

இங்கே வரிசைதான் முக்கியம்: முதலில் காப்பி, பிறகே ரிப்பேர். செக் டிஸ்க் நல்ல கருவிதான். ஆனால் அதில் ‘பேட் செக்டர்’ தேடும் சோதனை டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க் அதிலேயே நின்றுவிடக்கூடும். ஆகவே போட்டோ, ஆவணம் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமா, பாட்டு, சாஃப்ட்வேர் போனால் போகட்டும். சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்து, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

விண்டோஸே திறக்கவில்லையா? முதலில், செருகிய பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சில பழைய கம்ப்யூட்டர்கள் அதிலிருந்தே தொடங்கப் பார்த்து நின்றுவிடும். இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இன்னும் இருந்தால் அதன் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். விண்டோஸ் டிரைவ் அங்கே திறந்தால், கடைக்குப் போகாமலேயே ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துவிடலாம்.

கடைக்குக் கொண்டு போகும்போது

“டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தவறி ஃபார்மட் ஆகிவிட்டாலும் பதற வேண்டாம். விரைவு ஃபார்மட் பெரும்பாலும் பட்டியலைத்தான் அழிக்கிறது. அதன் மேல் புதிதாக எதையும் பதியாமல் இருந்தால் பலவற்றை மீட்க வாய்ப்பு உண்டு.

இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். நாம் அழித்ததாக நினைத்து விற்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்தும் நம் வீட்டுப் பெண்களின் போட்டோக்களை மற்றவர் மீட்க முடியும். விற்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பென்டிரைவ் என்பது எடுத்துச் செல்வதற்கு, சேமித்து வைப்பதற்கு அல்ல. முக்கியமானவற்றுக்கு இரண்டு காப்பி இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று உடன்பிறந்தவர் வீட்டில். குடும்பத்தின் நினைவுகளும் ஆவணங்களும் நம்மிடம் உள்ள அமானிதம். இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைச் செய்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ்.